பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்கதவு ஸ்ட்ரட்: 350 நியூட்டனா, 270-ஆ?

மதிய வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய காரில் பின்கதவு விறைப்பாக நிற்கிறது. அன்றிரவே அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் சாமான் இறக்கும்போது மெல்ல இறங்கி முதுகில் உட்காருகிறது. கதவும் அதேதான், ஸ்ட்ரட்டும் அதேதான். சிங்கப்பூரில் கேஸ் ஸ்ட்ரட், அதாவது பின்கதவைத் தூக்கித் தாங்கும் வாயுக் குழல், சாகத் தொடங்குவதற்கு இதுதான் முதல் அறிகுறி. பனிநாடுகளில் குளிர்காலம் வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே குளிர்காலம் கிடையாது, ஆனால் வெயிலில் வெந்த காருக்கும் அடித்தளத்தில் ஆறிய காருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டுவது அரைமணி நேரத்துக்குள் முடியும் வேலை. எதை வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆகவே இந்தப் பதிவில் பாதிக்குமேல் அளப்பதைப் பற்றித்தான்.

எடுத்துக்கொண்ட கார் 1990களின் கடைசியில் வந்த ஜப்பானிய இருகதவுக் கார். கூரையிலிருந்து பின்பம்பர் வரை சரியும் கண்ணாடிப் பின்கதவு, அதன் நுனியில் ஸ்பாய்லர் என்ற இறக்கை. சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓடுவது. பத்து வயது தாண்டியதால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியது. மாஸ்டா ஆர்எக்ஸ்-7, நிசான் ஃபேர்லேடி இசட், டொயோட்டா சூப்ரா, போர்ஷே 944 என்று இந்த வடிவக் கார்கள் எல்லாவற்றிலும் கணக்கு ஒன்றுதான். அளவுகள் மட்டும் மாறும். கீழே வரும் எண்களை உங்கள் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

கடையில் 'பூட் டேம்பர்' என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பெயர் எதுவானாலும், அது உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்த ஓர் எஃகுக் குழல், அதற்குள் போய்வரும் ஒரு தண்டு, கொஞ்சம் எண்ணெய், ஒரு ரப்பர் சீல். தண்டின் வெட்டுப்பரப்பின் மேல் வாயு தள்ளும் தள்ளுதான் ஸ்ட்ரட்டின் விசை. 8 மி.மீ. தண்டுக்குப் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ.; 350 நியூட்டன் ஸ்ட்ரட் என்றால் உள்ளே ஏறக்குறைய 70 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது 2.2 பார். கடைசிப் பத்தியில் இந்த ஒப்பீடு மறுபடி வரும்.

எண்ணெய்க்கு இரண்டு வேலை. கதவு முழுதாகத் திறக்கும் கடைசி நொடியில் வேகத்தைத் தணிப்பது ஒன்று, சீலை ஈரமாக வைத்திருப்பது இன்னொன்று. சீல் காய்ந்தால் விரிசல் விடும், விரிசல் விட்டால் நைட்ரஜன் கசியும். அதனால் கதவு மூடியிருக்கும் நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். காரின் வாழ்நாளில் பெரும்பகுதி கதவு மூடித்தானே இருக்கிறது. தலைகீழாக மாட்டிய ஸ்ட்ரட் முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும், சீக்கிரம் சாகும். சில கார்களில் கதவை மூடினால் மேல்முனை கீழே போய்விடும். அங்கே தண்டு கதவுப் பக்கம் இருப்பதுதான் சரி. பழையதைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வெப்பம் கூடினால் விசையும் கூடும். குழலில் அச்சிட்ட எண் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. கெல்வின் கணக்கில் 293. வெயிலில் நின்ற காரின் உட்புறம் 60 டிகிரிக்கு வந்தால் 333. விசை 333-ஐ 293-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 14 விழுக்காடு ஏறும். இந்த ஒரு கணக்கு புரிந்தால் மதியம் நின்று இரவில் விழும் மாயம் தீர்ந்தது.

செத்தது ஸ்ட்ரட்தானா?

எல்லாச் சரிவுக்கும் ஸ்ட்ரட்டைக் குற்றம் சொல்ல முடியாது. பின்னால் வாங்கிப் பொருத்திய கனமான ஸ்பாய்லர் காரணமாக இருக்கலாம். கீல் துருவேறி இறுகியிருந்தால் கதவு ஏறவே அடம்பிடிக்கும், ஏறியபின் நிற்கும். ஸ்ட்ரட் செத்திருந்தால் தூக்கும்போதே கை கனக்கும், கையை எடுத்தால் இறங்கும்.

தண்டைத் துடைத்துப் பாருங்கள். சீலுக்கு அருகே கறுத்த எண்ணெய்ப் படலம் வளையமாக இருந்தால் கசிவு. தண்டில் ஊசிமுனையளவு துருப்புள்ளிகள் இருந்தால் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அவை சீலை அரம்போல அராவிக்கொண்டிருக்கின்றன. இந்த ஊர் ஈரப்பதத்துக்கு, மாதக்கணக்கில் திறக்காமல் கிடக்கும் வார இறுதிக் கார்களில் இது அதிகம்.

கழற்றிய பழைய ஸ்ட்ரட்டைக் குளியலறைத் தராசில் சோதிக்கலாம். தராசின் மேல் மரக்கட்டை, அதன்மேல் தண்டு முனை, குழலைப் பிடித்து நேராக அழுத்த வேண்டும். தண்டு உள்ளே நகரத் தொடங்கும் இடத்தில் காட்டும் கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன். அழுத்தும்போது சீலின் உராய்வும் சேர்ந்து எண் கூடும். மெதுவாக விட்டுத் தரும்போது குறையும். இரண்டின் நடுவே உள்ளதுதான் உண்மை. 350 நியூட்டன் புது ஸ்ட்ரட் 30 டிகிரியில் ஏறக்குறைய 37 கிலோ காட்ட வேண்டும். இந்தக் காரின் பழைய ஜோடியில் ஒன்று 23 கிலோவும் மற்றது 19 கிலோவும் காட்டின. இரண்டும் ஒரே அளவில் சாவதில்லை. அதனால்தான் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. புதியதும் பழையதும் சேர்ந்தால் கதவு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இரும்புக் கதவு அதைப் பொறுத்துக்கொள்ளும், கண்ணாடிக் கதவு பொறுக்காது.

கதவின் கனத்தை அளப்பது

பாகத்தின் எண் கிடைத்து, அதே எண்ணில் புதுப் பொருளும் கிடைத்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பழைய கார்களில் அது எப்போதும் நடப்பதில்லை. ஏற்கெனவே யாரோ மாற்றியிருப்பார்கள், குழலில் எழுத்து அழிந்திருக்கும், ஸ்பாய்லர் உள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் தனித்தனி எண் இருப்பது கடைக்காரருக்குத் தெரியாது. ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட்டிலிருந்து (பாகங்களுக்காகப் பாதியாக வெட்டிய பழைய கார்) கழற்றி விற்கும் ஸ்ட்ரட்டும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான். லாம்புக்கும் கதவுப்பிடிக்கும் ஹாஃப்-கட் தேடலாம், ஸ்ட்ரட்டுக்கு வேண்டாம்.

கதவைக் கழற்றி எடை போட வேண்டியதில்லை. விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். இரண்டு ஸ்ட்ரட்டையும் கழற்றிவிட்டு, இன்னொருவர் கதவுக்குப் பக்கத்தில் நிற்க, பூட்டு வளையத்தில் பட்டை கோத்துத் தராசால் செங்குத்தாக மேலே இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுக்கும்வரை கதவு எந்தக் கோணத்தில் இருந்தாலும் எண் ஒன்றாகவே வரும்; கனமும் இழுப்பும் ஒரே விகிதத்தில் கீலிலிருந்து விலகுவதால் அப்படி. ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை பார்த்துச் சராசரி எடுத்தால் கீலின் உராய்வு கழிந்துவிடும். இந்தக் காரில் ஸ்பாய்லரோடு 12.5 கிலோ வந்தது. கீலிலிருந்து பூட்டு வரை 1.10 மீட்டர்.

இனி பெருக்கல்தான். 12.5-ஐ 9.81-ஆலும் 1.10-ஆலும் பெருக்கினால் கதவு கிடைமட்டமாக இருக்கும்போதுள்ள திருப்புத்திறன்: சுமார் 135 நியூட்டன் மீட்டர். முழுதாகத் திறந்த நிலையில் கதவு கிடைமட்டத்துக்கு 45 டிகிரி மேலே நிற்கிறது. கைப்பேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைக் கதவின் விளிம்பில் வைத்தாலே கோணம் தெரியும். 45 டிகிரிக்குக் கொசைன் 0.707, ஆக, திறந்த நிலையில் தாங்க வேண்டியது 95 நியூட்டன் மீட்டர்.

அடுத்து ஸ்ட்ரட்டின் பிடிதூரம். ஸ்ட்ரட்டின் இரு முனையிலும் உள்ள குழிகள் காரில் திருகிய கட்டைகளின் உருண்டைத் தலையில் உட்காரும்; அந்த உருண்டைதான் பந்து. மேல் பந்திலிருந்து கீழ்ப் பந்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, கீலின் அச்சிலிருந்து அந்த நூலுக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை அளக்க வேண்டும். திறந்த நிலையில் 165 மி.மீ. வந்தது. 95-ஐ இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் பகிர்ந்து 0.165-ஆல் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 289 நியூட்டன். இது கதவு மிதந்துகொண்டு நிற்பதற்கு மட்டும் போதுமான விசை. காற்றுக்கும் வயதுக்கும் 20 விழுக்காடு சேர்த்தால் 347. சந்தையில் 350 கிடைக்கிறது. முடிந்தது.

அப்படியானால் இன்னும் கூடுதலாக 450 வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் பழைய கார்கள் உடைகின்றன.

மூடிய நிலையிலும் ஸ்ட்ரட் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தண்டு உள்ளே போகப் போகக் குழலில் இடம் குறைந்து விசை ஏறும். முழுதாக அழுத்திய நிலையில் 1.3 மடங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் காரில் மூடிய நிலையின் பிடிதூரம் 133 மி.மீ., கதவின் சரிவு 17 டிகிரி. 350 நியூட்டன் ஜோடி மேல்நோக்கித் தள்ளுவது 121 நியூட்டன் மீட்டர்; கதவின் கனம் கீழ்நோக்கி இழுப்பது 129. கனம் கொஞ்சம் ஜெயிக்கிறது, கதவு தானாகவே கிடக்கிறது. 450 ஜோடி போட்டால் 156. இனிப் பூட்டு ஒன்றுதான் கதவைப் பிடித்து வைத்திருக்கும். வெயிலில் அதுவும் ஏறும். கண்ணாடி இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் பூட்டுக்கும் நடுவே வில்லாக வளைந்தபடி நாள்தோறும் கிடக்கும். போர்ஷே 924, 944, 968 மூன்றும் ஒரே பாணிக் கண்ணாடிக் கதவு கொண்டவை. கண்ணாடி அதன் உலோகச் சட்டத்திலிருந்து பசை விட்டுப் பிரிவது அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழகிய தலைவலி. அந்தப் பசையின் மேல் மிகை விசையுள்ள ஸ்ட்ரட்டை ஏற்றுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

ஸ்பாய்லரின் கதையும் இதே கணக்கில் அடங்கும். இந்தக் காரின் ஸ்பாய்லர் 3 கிலோ. நுனியில் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு ஸ்ட்ரட்டுக்கும் 69 நியூட்டன் கூடுதல் வேலை கொடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் தேவை 289 அல்ல, 220. கூடுதலும் சேர்த்து 264. அங்கே 270 போதும். ஸ்பாய்லரைக் கழற்றிவிட்டு 350-ஐயே மாட்டினால் மூடிய நிலையில் 121 மேலே, 98 கீழே: பூட்டை விட்டதும் கதவு முகத்துக்கு நேரே துள்ளும். மறுபுறம், ஸ்பாய்லர் உள்ள காரில் 270 மாட்டினால் என்ன ஆகும்? 60 டிகிரியில் அது 307 ஆகி, தேவையான 289-ஐத் தாண்டிக் கதவைப் பிடித்துவிடும். இரவு 25 டிகிரியில் 275-க்கு இறங்கும், கதவும் இறங்கும். புதிதாக வாங்கி மாட்டிய ஸ்ட்ரட் முதல் வாரமே 'கெட்டுப்போச்சு' என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் பலவும் இந்த வகைதான். பொருள் நல்லது, எண் தவறு.

எண்ணில் உறுதியில்லை என்றால் வால்வு வைத்த ஸ்ட்ரட் வாங்கலாம். தேவைக்குச் சற்று மேலான விசையில் வாங்கி, மாட்டிப் பார்த்து, குழல் முனையிலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டுக் குறைக்க வேண்டும். தண்டு கீழே, வால்வு மேலே இருக்கும்படி பிடிக்கவில்லை என்றால் வாயுவோடு எண்ணெயும் பீய்ச்சி வெளியேறும். ஒரு கண்சிமிட்டல் நேரம் விட்டுவிட்டுச் சோதிப்பதே முறை. விட்ட வாயுவைத் திரும்ப அடைக்க வழியில்லை.

நீளமும் ஓட்டமும்

இணையக் கடைகள் பெரும்பாலும் இரண்டு எண் மட்டும் தருகின்றன: நீட்டிய நீளம், விசை. மூன்றாவதான ஓட்டம், அதாவது தண்டு எத்தனை மி.மீ. உள்ளே போகும் என்பது, தேடினால்தான் கிடைக்கும். அது இல்லாமல் வாங்கக் கூடாது.

பந்தின் நடுவிலிருந்து பந்தின் நடுவுக்கு: திறந்த நிலையில் 480 மி.மீ., மூடிய நிலையில் 298. மூடிய நிலையை அளக்க ஒருவர் உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும், அல்லது இரண்டு மெல்லிய குச்சிகளை ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி நீளும் அளவுகோலாக்கி உள்ளே வைத்துக் கதவை மூடித் திறக்கலாம். 190 மி.மீ. ஓட்டமுள்ள ஸ்ட்ரட் 290-க்குச் சுருங்கும், 8 மி.மீ. மிச்சம். 180 ஓட்டமுள்ளதை வாங்கினால் 300-க்குமேல் சுருங்காது. வெறும் 2 மி.மீ. இடிக்கும். அந்த 2 மி.மீட்டரை உடல் பலத்தோடு கதவை அறைந்து மூடும்போது பந்துக் கட்டை வளையும், அல்லது கண்ணாடியில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் ஓடும்.

பந்தின் விட்டத்தையும் வெர்னியரால் பார்க்க வேண்டும். 10 மி.மீ. பரவலானது, 8-ம் 13-ம் உண்டு. 8 மி.மீ. பந்தில் 10 மி.மீ. குழி உட்கார்ந்ததுபோலவே தெரியும், பிறகு கழன்று விழும். விசையைப் பவுண்டில் போடும் கடையானால் 4.45-ஆல் பெருக்குங்கள், 80 பவுண்டு என்பது 356 நியூட்டன்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் ஒன்று கவனிக்க வேண்டும். அழுத்தம் அடைத்த பொருள் என்பதால் கேஸ் ஸ்ட்ரட் ஐநா எண் 3164-இன் கீழ் வருகிறது. சில விற்பனையாளர்கள் விமானத்தில் அனுப்ப மாட்டார்கள். கப்பலில் வரும் நாள்களையும் கணக்கில் வைத்து, பரிசோதனைத் தேதிக்கு நன்றாக முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது. 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. உள்ளூரில் கார்ப் பட்டறைகள் நிறைந்த ஊபி, சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் அளவைச் சொல்லிக் கேட்டால் வேறு காருக்கு வரும் ஸ்ட்ரட்டே சரியாகப் பொருந்துவதுண்டு. கார் பெயரைச் சொல்லிக் கேட்டால் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில்தான் வரும். 480, 190, 350, பந்து 10 என்று நான்கு எண்ணைச் சொன்னால் அலமாரியைத் திறப்பார்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

இடம் சமதளமாக இருக்க வேண்டும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடி வேண்டாம். தாங்கல் இல்லாத கதவுக்கு ஒரு காற்று போதும். விடிகாலையில் சுமத்ரா புயல்காற்று வரும் மாதங்களில் சொல்லவே வேண்டாம். மூடிய தளங்களில் கதவை முழுதாகத் திறக்குமுன் மேலே குழாய், விளக்கு எதுவும் இடிக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்ய அனுமதியுள்ள இடமா என்பதையும்.

தேவையானவை: சின்னத் தட்டைத் திருப்புளி, பந்துக் கட்டைக்கு உரிய ஸ்பேனர் அல்லது டார்க்ஸ் முனை, பழைய துண்டுகள், கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ், திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர், முட்டுக்கழி. கழிக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் துணி காயப்போடும் மூங்கிலைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. இந்தக் காரில் உடல் பக்கத்துப் பூட்டுக் கொக்கியிலிருந்து கதவின் பூட்டு வரை திறந்த நிலையில் 1.13 மீட்டர். மூங்கிலை அந்த அளவுக்கு வெட்டி, இரு முனையிலும் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். கழி நேராக நிற்காது, சற்று முன்பக்கம் சாயும். அடிமுனையைக் கொக்கியோடு கயிற்றால் கட்டாவிட்டால் நழுவும். கழி இருந்தாலும் ஆள் ஒருவர் கதவைத் தொட்டபடி நிற்பதுதான் பாதுகாப்பு.

துண்டுகளைக் கதவின் இரு ஓரத்திலும் உள்ள பெயிண்ட் மேல் விரியுங்கள். திருப்புளி வழுக்கினால் அது போய் இறங்குவது அங்கேதான்.

ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம். மேல்முனையின் கம்பி கிளிப்பைத் திருப்புளியால் 3, 4 மி.மீ. நெம்பினால் போதும், முழுதாகப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கினால் துள்ளிப்போய் உள்பக்கத் தட்டுக்குள் விழும், பிறகு அதைத் தேடுவதே தனி வேலை. கிளிப் தளர்ந்ததும் குழியைப் பந்திலிருந்து நேராக இழுத்தால் 'டக்' என்று வரும். அடுத்துக் கீழ்முனை. சில பழைய கார்களில் பின்கண்ணாடிச் சூடேற்றிக்கு மின்சாரமே ஸ்ட்ரட் வழியாகப் போகும். முனையில் வயர் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு, அதே வகையில்தான் புதியதும் வாங்க வேண்டும்.

பந்து தேய்ந்து ஒருபக்கம் தட்டையாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். துருப்பிடித்து அசையாத கட்டைக்கு முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் தகட்டின் பின்னால் வெல்டு வைத்த நட் பிய்ந்து உள்ளே சுற்றத் தொடங்கும். இந்த வேலையில் நேரக்கூடிய மிக மோசமான விபத்து அதுதான். உள்தட்டை வெட்டாமல் தீராது. ஸ்ட்ரட் மாட்டியிருக்கும்போது சூடுகாட்டவே கூடாது. புதுக் கட்டைக்கு ஒரு சொட்டு திரெட் லாக்கர். காருக்குரிய எண் கையில் இருந்தால் அதன்படி இறுக்குங்கள். இல்லையென்றால் எம்8 திருகுக்கு 20 நியூட்டன் மீட்டர் போதும், அதைத் தாண்ட வேண்டாம். கட்டை கதவின் உள்ளறைக்குள் துளைத்துப் போவதாக இருந்தால் அடியில் இருந்த ரப்பர் வாஷரை மறக்காமல் திரும்பப் போடவும். மழைநீர் உள்ளே போவதற்கு அது ஒரு வாசல்.

புது ஸ்ட்ரட்டைக் கையால் அமுக்கிக் குறுக்கி மாட்ட முயல வேண்டாம், முடியாது. அது முழு நீளத்தில் இருக்கும்போதே இரண்டு பந்தும் சந்திக்கும்படி கதவை இன்னும் ஒரு விரல்கடை மேலே தூக்க வேண்டும். செத்த ஸ்ட்ரட் கதவை நிறுத்தியிருந்த உயரத்துக்கே கழியை வெட்டியிருந்தால் இங்கே உயரம் போதாமல் போகும். குழிக்குள் பட்டாணியளவு கிரீஸ், தண்டில் எதுவும் தடவ வேண்டாம். தண்டில் ஒட்டும் தூசி நேராகச் சீலுக்குப் போகும். இந்தக் காரில் தண்டு கீழே, உடல் பக்கம். முதலில் கீழ்முனையை உள்ளங்கையால் நேராக அழுத்திப் பந்தில் ஏற்றி, பிறகு கதவை லேசாகத் தூக்கி மேல்முனை. கிளிப்பை உள்ளே தள்ளியபின் முனையைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். உட்கார்ந்த சத்தம் கேட்டதாலேயே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது, ஒரு கணம்கூட. முனையை மாற்ற வேண்டி வந்தால் தோலோ ரப்பரோ சுற்றிக் கையால் பிடியுங்கள். ஒரு கீறல் போதும், அந்தக் கீறல் சீலைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வாயுவை வெளியே கொண்டுபோகும்.

முதல் மூடல்

கழியை எடுத்ததும் கதவை அறைந்து மூடுவது வேண்டாம். அதற்கு முன் இரண்டு தண்டிலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைத் தளர்வாக, ஆனால் தானாக நழுவாதபடி சுற்றிக் குழலை ஒட்டி வைக்கவும். இரண்டு கையாலும் கதவின் நடுவைப் பிடித்து மெல்ல இறக்குங்கள். பாதியில் நிறுத்திக் குழல் உள்தட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். கடைசி 50 மி.மீட்டரில் கல்லில் இடித்ததுபோல நின்றால் அதற்குமேல் அழுத்தாதீர்கள். ஓட்டம் போதாத ஸ்ட்ரட் வந்திருக்கிறது. மூடிப் பின் திறந்தால் குழல் தள்ளிக்கொண்டு போன டை, தண்டு எதுவரை உள்ளே போனது என்று காட்டும். டைக்கும் தண்டின் அடிமுனைக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. வேண்டும். இந்தக் காரில் இடது, வலது இரண்டிலும் 8. பார்த்தபின் டையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

இனி மூடிய கதவின் இடைவெளி. புது ஸ்ட்ரட்டின் தள்ளலில் கதவு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கலாம், குண்டுங்குழியில் தடதடக்கலாம். கதவின் ஓரங்களில் இருக்கும் திருகு ரப்பர் தாங்கிகளை அரைச்சுற்று அரைச்சுற்றாக உள்ளே விட்டு, தேவைப்பட்டால் பூட்டு கொக்கியைச் சற்றுக் கீழே இறக்கிச் சரிசெய்ய வேண்டும். ஓரத்தில் ஒரு பத்து வெள்ளித் தாளைச் செருகி மூடி இழுத்தால், பிடிப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவா என்பது கைக்குத் தெரியும். தளர்ந்த இடத்தில் மழைநீர் மட்டுமல்ல, ஓடும்போது புகைபோக்கியின் வாயுவும் உள்ளே இழுபடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஸ்பேர் டயர் குழியைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். அங்கே நீர் தேங்கினால் துருவோடு கொசுவும் சேர்ந்து வளரும்.

தாங்குகிறதா என்ற சோதனையை மதியம் செய்ய வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த இரவிலோ, கார் முழுதும் ஆறிய விடிகாலையிலோ கதவைப் பாதிக்குச் சற்று மேலே தூக்கி விட்டுப் பாருங்கள். அங்கிருந்து தானாக ஏறி, கடைசியில் வேகம் தணிந்து நின்றால் எண் சரி. ஒரு வாரம் கழித்துக் கிளிப்புகளையும் கட்டைகளின் இறுக்கத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும்.

பழைய ஜோடியைக் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். இந்த ஊரின் குப்பை எரியுலைக்குப் போகிறது. கதவைத் தாங்க வலுவில்லாத ஸ்ட்ரட்டிலும் மிச்ச அழுத்தம் டயரில் உள்ளதைப்போலப் பல மடங்கு இருக்கும். நெருப்பில் அது குண்டு. துளை போட்டு வாயுவை விடுவதாக இணையத்தில் காட்டும் வித்தைகளும் வேண்டாம், எண்ணெயும் உலோகத்தூளும் கண்ணுக்குத்தான் வரும். பழைய இரும்பு சேர்த்து வைக்கும் பட்டறையில் கொடுங்கள். வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் வந்து கேட்டால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.